ஆள் தேவை போர்டு மூன்று மாதமாகத் தொங்குகிறது. படித்த பிள்ளைகள் எங்கே போனார்கள்?

மைக்ரான் (கணபதி, கோவை)

மன்ற நண்பர்களுக்கு வணக்கம். கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடையும் சி.என்.சி. டர்னிங் மெஷின் மூன்று, துளை போட்டுச் செதுக்கும் வி.எம்.சி. மெஷின் இரண்டு. என்னைத் தவிர 14 பேர். பம்ப் கம்பெனிகளுக்கும் ஒரு வால்வு கம்பெனிக்கும் ஜாப் ஒர்க். மெஷின் ஓட்டும் ஆபரேட்டரும், அதை வேலைக்குத் தயார் செய்யும் செட்டரும் வேண்டும் என்று கேட்டில் போர்டு மாட்டி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை வந்தவர்கள் 19 பேர். அதில் 11 பேர் பி.இ. மெக்கானிக்கல், ஐந்து பேர் டிப்ளமோ, மூன்று பேர் ஐ.டி.ஐ.

எல்லோருக்கும் ஒரே சோதனைதான். ஒரு புஷ் (நடுவில் துளையுள்ள உருளை), ஒரு டிராயிங், அளக்க ஒரு வெர்னியர். டிராயிங்கில் உள்விட்டம் 25 ஹெச்7 என்று போட்டிருக்கும். "இந்த பீஸ் ஓகேவா, ரிஜெக்ட்டா?" என்று கேட்பேன். ஹெச்7 என்றால் துளை 25.000 மில்லிமீட்டரிலிருந்து 25.021 வரை இருக்கலாம். அதாவது 21 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் 21 பங்கு. பி.இ. முடித்த பையன்களில் எட்டு பேருக்கு அது டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) என்றே தெரியவில்லை. ஒருவர் அதை மெட்டீரியல் கிரேடு என்றார்.

போன வருஷம் ஒரு பி.இ. பையனை நம்பி வி.எம்.சி.யில் விட்டேன். அமெரிக்க கஸ்டமரின் டிராயிங், தேர்டு ஆங்கிள். அதில் வலது பக்கத் தோற்றத்தை வலது பக்கமே வரைவார்கள், ஃபர்ஸ்ட் ஆங்கிளில் இடது பக்கம் வரைவார்கள். பையன் கல்லூரியில் படித்த ஃபர்ஸ்ட் ஆங்கிள் கணக்கிலேயே பார்த்துவிட்டான். வலது பக்கத்துத் துளைகள் இடது பக்கம் வந்துவிட்டன. கண்ணாடியில் பார்த்த மாதிரி 60 பீஸ். இரும்பு வியாபாரிக்குக் கிலோ கணக்கில் போட்டேன்.

2021-22 கணக்கில் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நாடு முழுவதற்கும் 28 சதவீதம்தானாம். சரி, படித்தவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள். வேலை தெரிந்த ஆள் ஒருவர் கிடைக்கவில்லையே, ஏன்?

அரியர் இல்லாதவன்

சார், நான் 2021 மெக்கானிக்கல். உங்கள் கேட்டுக்கு வந்திருந்தால் நானும் அந்த எட்டு பேரில் ஒருவன்தான். மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் கல்லூரியில் சி.என்.சி. லேப் இருந்தது. மெஷின் ஒன்றே ஒன்று, அதுவும் பயிற்சிக்கென்று வரும் சின்ன மாடல். வகுப்பில் 60 பேர். நாலு வருஷத்தில் நான் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியது இரண்டு முறை. மற்ற நாட்களில் ரெக்கார்டு நோட்டில் பழைய பேட்ச் அண்ணன் எழுதியதைப் பார்த்து எழுதினோம். லிமிட்ஸ், ஃபிட்ஸ், டாலரன்ஸ் எல்லாம் இரண்டு மார்க் கேள்வி. விடையை மனப்பாடம் செய்தோம். துளையைச் சோதிக்கும் பிளக் கேஜ் ஒன்றைக் கையில் எடுத்து, இது போகும் பக்கம், இது போகாத பக்கம் என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

முடித்ததும் எட்டு மாதம் வேலை தேடினேன். போன இடமெல்லாம் 'இரண்டு வருஷ அனுபவம் உண்டா?' யாராவது முதல் வேலை கொடுத்தால்தானே அந்த இரண்டு வருஷம் வரும்? இப்போது ஒரு தனியார் வங்கிக்காகக் கடன் வசூல் போன் பேசுகிறேன். 16,000 ரூபாய், ஏ.சி. அறை. உங்கள் போர்டில் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்களா?

ஃபிட்டர் 82

மைக்ரான் தம்பி, ஒரு சந்தேகம். 25 ஹெச்7 துளையை வெர்னியர் வைத்தா ஓகே, ரிஜெக்ட் சொல்லச் சொன்னீர்கள்? சாதா வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர். நீங்கள் தரும் இடைவெளியே 0.021. அந்த வெர்னியரை வைத்து ஆண்டவனாலும் சொல்ல முடியாது. போர் கேஜ் அல்லது பிளக் கேஜ் கொடுத்திருக்க வேண்டும்.

மைக்ரான்

ஐயா, அதுதான் கேள்வியின் கொக்கியே. "இதை வைத்து அளக்க முடியாதுங்க" என்று சொல்கிறானா என்று பார்க்கத்தான் வெர்னியர் மட்டும் வைப்பேன். 19 பேரில் ஒரே ஒரு பையன் சொன்னான். பொள்ளாச்சிப் பக்கம். ஐ.டி.ஐ. மெஷினிஸ்ட்.

சும்மா படிக்க வந்தவன்

அவனை எடுத்தீர்களா?

மைக்ரான்

18,000 கேட்டான். நான் 13,500 சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன் வரவில்லை.

சும்மா படிக்க வந்தவன்

இழையை மூடிவிடலாம் போலிருக்கிறதே.

தறிச்சத்தம் (சோமனூர்)

மூட வேண்டாம். எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எனக்கு விசைத்தறி எட்டு. மகனை பி.இ. படிக்க வைத்தேன், பேங்க் லோன் போட்டு. ஐ.டி.ஐ. ஏன் சேர்க்கவில்லை என்று எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் அப்போதே கேட்டார். என்ன பதில் சொல்வது? நான் பகலும் இரவும் தறி ஓட்டியது அவன் கையில் எண்ணெய் படக்கூடாது என்பதற்காக. அப்புறம், இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளை ஐ.டி.ஐ. என்றால் ஜாதகத்தைக்கூட வாங்க மாட்டார்கள். பி.இ. என்றால், வேலை இல்லாவிட்டாலும், உட்காரச் சொல்லி காபி கொடுப்பார்கள். மார்க்கெட்டுக்கு என்ன தேவை என்று பேசுகிறீர்களே, கல்யாணச் சந்தையும் ஒரு மார்க்கெட்தான். அதற்கு என்ன தேவையோ அதைப் பார்த்துத்தான் பெற்றவர்கள் படிக்க வைக்கிறோம்.

ஹெச்.ஆர். அக்கா

தறிச்சத்தம் அண்ணா சொன்னதை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அதுதான் நிஜம்.

நான் 12 வருஷமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். கோவை, ஓசூர் கம்பெனிகளுக்கு. 'இரண்டு வருஷ அனுபவம்' எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் பழைய விளம்பரத்தை அப்படியே காப்பி எடுத்துப் போடுவார்கள். "அந்த வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் பழக்கம் வேண்டும்?" என்று உற்பத்தி மேலாளரைக் கேட்டால், "ஆபரேட்டருக்கா? மூன்று மாதத்தில் பழகிவிடுவான்" என்பார். அந்த மூன்று மாதத்தை விளம்பரத்தில் போடச் சொன்னால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். ஏனென்றால் அது செலவு.

ஐ.டி. கம்பெனிகளைப் பாருங்கள். மெக்கானிக்கல், சிவில், ட்ரிபிள் ஈ என்று எல்லா பிரிவிலும் ஆள் எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும். இன்ஃபோசிஸ் மைசூருவில் ஒரு ஊர் மாதிரி வளாகம் கட்டி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சம்பளமும் கொடுத்து மாதக்கணக்கில் சொல்லிக் கொடுக்கிறது. திறன் இடைவெளி என்று அங்கேயும் புலம்பலாம். புலம்பிக்கொண்டே செலவையும் செய்தார்கள். மெக்கானிக்கல் படித்த நல்ல பிள்ளைகள் அங்கே போனதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. 'ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வா' என்று சொன்ன ஒரே வாசல் அதுதான்.

மைக்ரான்

அக்கா, இன்ஃபோசிஸையும் என்னையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே. அவர்கள் பில் டாலரில். என் பில் மணிக்கணக்கில், அதுவும் பேரம் பேசி. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் போட்டார்கள். 45 நாளைத் தாண்டினால், பணம் கொடுத்த வருஷத்தில்தான் அந்தத் தொகையை வாங்கிய கம்பெனி செலவாகக் காட்ட முடியும் என்று 2024-இல் வருமான வரியிலும் கொண்டுவந்தார்கள். எனக்கு இன்னும் 100 நாள் கழித்துத்தான் செக் வருகிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

சரி, கஷ்டப்பட்டு ஒரு பையனுக்குக் கற்றுக் கொடுக்கிறேன் என்றே வையுங்கள். இரண்டு பேருக்குக் கொடுத்தும் இருக்கிறேன். டூல் ஆஃப்செட் என்றால் என்ன, ஜி54 எப்படி எடுப்பது, வெட்டும் முனையான இன்செர்ட் தேய்ந்தால் சத்தம் எப்படி மாறும் என்று எல்லாம். முதல் பையன் ஒன்பதாவது மாதம் ஓசூருக்குப் போனான். இரண்டாவது பையன் எங்கும் போகவில்லை, என் பட்டறையிலிருந்து மூன்றாவது கட்டடத்துக்குப் போனான். 1,500 ரூபாய் அதிகம். நான் விதைத்தேன், பக்கத்துக்காரர் அறுத்தார். நான் எதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

அரியர் இல்லாதவன்

1,500 ரூபாய்க்காகப் போனான் என்றால், அந்த 1,500-ஐ நீங்கள் கொடுத்திருந்தால் இருந்திருப்பான் இல்லையா? கோபப்படாதீர்கள் சார், கணக்குத்தான். அந்த 60 பீஸ் ஸ்கிராப்பின் விலை எவ்வளவு?

மைக்ரான்

மெட்டீரியல், மெஷின் நேரம், லேட் டெலிவரி எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷத்துக்கான அந்த 1,500-ஐவிட அதிகம்தான். எழுதும்போதே எனக்குக் கடுப்பாக இருக்கிறது.

ஃபிட்டர் 82

நான் 1982 பேட்ச் ஃபிட்டர். மில்லில் வேலை பார்த்து, பிறகு ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். என் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீளமேட்டில் ஒரு மில்லில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தபோது என் மேஸ்திரி முதல் நாள் ஒரு எம்.எஸ். இரும்புக் கட்டையையும் அரத்தையும் கொடுத்து, "ஆறு பக்கமும் ஸ்கொயர் வரணும்" என்றார். 11 நாள் ராவினேன். பன்னிரண்டாம் நாள் மூலை மட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. கட்டையை ஸ்கிராப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு கட்டை கொடுத்தார். முதல் வருஷம் முழுக்க நான் மில்லுக்கு நஷ்டம்தான். உதவித்தொகை கொடுத்தார்கள், நான் கெடுத்த இரும்பையும் அவர்களே பொறுத்துக்கொண்டார்கள். அதற்கு அப்புறம் 14 வருஷம் அந்த மில்லில் என்னால் நின்ற மெஷின் என்று ஒன்று கிடையாது.

இப்போது அந்த முதல் வருஷம் யார் கணக்கில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன். கல்லூரி 'அது கம்பெனி பார்க்க வேண்டியது' என்கிறது. கம்பெனி 'அது கல்லூரி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது' என்கிறது. பையன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா சாப்பாடு போடுகிறார். கடைசியில் அந்தப் பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் கொடுப்பது சோமனூர் தறிக்காரர்.

ஐ.டி.ஐ.யைப் பற்றியும் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தியிருக்கிறது தமிழக அரசு. ரோபோ, சி.என்.சி., எலெக்ட்ரிக் வண்டி என்று நாங்கள் கனவிலும் பார்க்காத சாமான்கள். நான் பாடம் எடுத்தபோது என் ஷாப்பில் இருந்த லேத் என்னைவிட மூத்தது. ஆனால் மெஷின் வந்தால் மட்டும் போதாது. அதில் பீஸ் ஓட்டிக் கெடுக்க இரும்பு வேண்டும், உடைக்க டூல் வேண்டும். பயிற்சிக்கு வாங்கும் மூலப்பொருளுக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் போகவில்லை என்றால், பழைய கதைதான். பையன் உடைத்துவிடுவான் என்று பயந்து மெஷினைத் துணி போட்டு மூடி வைக்கும் வாத்தியார்களை நான் பார்த்திருக்கிறேன். சில வருஷம் நானே அப்படி இருந்தேன்.

ஒரு பழைய விஷயம். நம் ஊர் ஜி.டி. நாயுடு 1940-களில் ஆர்தர் ஹோப் கல்லூரியைத் தொடங்கினார், இன்றைய ஜி.சி.டி.யின், அதாவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின், வேர் அது. நாலு வருஷம் இழுப்பது வீண், குறைந்த காலத்திலேயே பொறியாளரை உருவாக்கலாம் என்றார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் நினைக்கவில்லை. காலத்தைக் குறைப்பதைவிட அந்த நாலு வருஷத்தை எங்கே செலவழிக்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம். இங்கேயே பாலிடெக்னிக்கில் சாண்ட்விச் டிப்ளமோ என்று மூன்றரை வருஷப் படிப்பு இருக்கிறது. நடுவில் கம்பெனிக்குப் போய் வேலை பழக வேண்டும். அந்தப் பையன்களுக்கு ஹெச்7 தெரியும், வெர்னியரின் எல்லையும் தெரியும்.

நெக்கார் கரை (ஜெர்மனி, ஸ்டுட்கார்ட் பக்கம்)

பெரியவருக்கு வணக்கம். நான் இருக்கும் இடத்தில் அந்த முதல் வருஷத்தைக் கம்பெனியே கணக்கில் எழுதிக்கொள்கிறது. கடைசல் மெஷின் வேலைக்கான பயிற்சி மூன்றரை வருஷம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் கம்பெனி. முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை. எனக்குப் பிடித்தது என்னவென்றால், இறுதித் தேர்வை வைப்பது பள்ளியும் இல்லை, கம்பெனியும் இல்லை. வட்டாரத் தொழில் வணிகச் சபை. வேலை கொடுக்கிறவர்களின் பிரதிநிதி, தொழிலாளர் பிரதிநிதி, ஆசிரியர் மூவரும் உட்கார்ந்து பையன் செய்த பீஸை அளக்கிறார்கள். அதனால் அந்தச் சான்றிதழை எந்த ஊர் முதலாளியும் நம்புகிறார். மைக்ரான் அண்ணா மாதிரி ஒவ்வொருவரும் தனியாக வெர்னியர் சோதனை வைக்க வேண்டியதில்லை.

இங்கேயும் கற்றுக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் பக்கத்துக் கம்பெனியும் பயிற்சி கொடுக்கிறது, அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார்.

அப்படியே இறக்குமதி செய்யலாம் என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். இங்கே பல மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே, பத்து வயதில், பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போவது என்று பிரித்துவிடுகிறார்கள். நம் ஊரில் அதைச் செய்தால் யார் பிள்ளை எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று உங்களுக்கே தெரியும்.

சும்மா படிக்க வந்தவன்

குலக்கல்வித் திட்டம் என்ன ஆனது என்று 1953-54-இல் பார்த்தாயிற்று. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தறிச்சத்தம்

அதேதான். யாரோ ஒருவர் "இவனுக்கு இது போதும்" என்று முடிவு செய்யக்கூடாது. அவனே முடிவு செய்யட்டும்.

கிளிநொச்சி நிலா

எங்கட பக்கக் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். இலங்கை வடக்கில் உயர்தரத்தில் (உங்கட பிளஸ் டூ மாதிரி) கலைப்பிரிவு படித்து, பட்டமும் எடுத்துவிட்டு, அரசாங்க உத்தியோகம் வரும் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். 2017-இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்காகப் போராட்டம் இருந்தார்கள். அதேநேரம் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016-இல் தொடங்கின இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. என் தம்பி அங்கே வாகனத் தொழில்நுட்பம் படித்தான். எங்களுக்கு என்.வி.க்யூ. என்ற தேசியத் தொழிற்தகைமையில் ஏழு மட்டம் இருக்கிறது, ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமம். அதாவது மெக்கானிக்காகத் தொடங்கினவனுக்கும் மேலே ஏற ஒரு ஏணி இருக்கிறது என்று கடதாசியில் எழுதியிருக்கிறது. அம்மாவை ஒத்துக்கொள்ள வைத்தது அந்த ஏணிதான். "முதலில் கராஜ், பிறகு பட்டம்" என்று தம்பி சொன்னதும் சரி என்றுவிட்டா.

டர்னர் தங்கச்சி

யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். நான் டர்னர், அரசு ஐ.டி.ஐ., இரண்டு வருஷம். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இலவசம். அரசு தன் பங்குக்கு வாசல்வரை கொண்டுவந்து விட்டது.

அப்புறம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். ஏழு இடம். மைக்ரோமீட்டர் படிக்கச் சொன்ன இடம் இரண்டு, சரியாகப் படித்தேன். எந்த இடத்திலும் வேலை இல்லை. ஒரு முதலாளி நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார்: "இங்கே லேடீஸ் டாய்லெட் இல்லைம்மா." எனக்கு 21 மைக்ரான் அளக்கத் தெரியும் சார். இப்போது ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் போர்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். ஹாஸ்டல், பஸ், சாப்பாடு, சுத்தமான டாய்லெட் எல்லாம் உண்டு. என் கையிலிருக்கும் தொழிலுக்கு மட்டும் அங்கே வேலை கிடையாது.

என்னுடன் படித்த 20 பேரில் டர்னராக வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். நாலு பேர். பெண் ஒருத்தியும் இல்லை.

மைக்ரான்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை. என் பட்டறையிலும் லேடீஸ் டாய்லெட் இல்லை. 11 வருஷமாக இல்லை என்பதையே இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஹெச்.ஆர். அக்கா

மைக்ரான் அண்ணா, கைப்பணம் போடாமல் ஒரு வழி இருக்கிறது. முழுக்கப் போடாமல் என்று சொல்லவில்லை, ஒரு பங்கு குறையும். அப்ரன்டிஸ் சட்டம் 1961-இலிருந்தே இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம். நாலு பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். ஆள் பலத்தில் 15 சதவீதம் வரை எடுக்கலாம். உங்கள் 14 பேருக்கு இரண்டு பேர் வரும். 2019-இல் திருத்திய விதி வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்கத் திட்டத்தில் சேர்ந்தால் அதில் நாலில் ஒரு பங்கு, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு கொடுக்கும். பயிற்சி முடிந்து வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

மாநில அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-இலிருந்து நடக்கிறது. கல்லூரிகளில் அதன் கீழ் வரும் பாடங்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பாடமும் உண்டு, சான்றிதழுக்காகக் கிளிக் செய்து முடிக்கும் பாடமும் உண்டு. ஆளைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அரியர் இல்லாதவன்

அக்கா, அந்தக் கடைசி வரியில்தான் என் தகராறே. 'வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை' என்பதை வைத்துப் பிழைப்பு நடத்துகிற கம்பெனிகள் இருக்கின்றன. என் நண்பன் ஒரு பெரிய வாகன உதிரிபாகக் கம்பெனியில் 'டிரெயினி'. ஒரு வருஷம் முழுக்க ஒரே மெஷினில் பீஸை மாட்டிக் கழற்றினான். முடிந்ததும் சான்றிதழ், கைகுலுக்கல், வெளியே. அடுத்த நாள் அதே மெஷினில் அடுத்த டிரெயினி. அவன் கற்றுக்கொண்டது கதவைத் திற, மாட்டு, மூடு. அதை ஏழு நாளில் கற்றுக்கொள்ளலாம். பயிற்சி என்று பெயர் வைத்து மலிவாக ஆள் பிடிப்பது அது.

அப்புறம் 7,000. பொள்ளாச்சிப் பையன் கோவையில் ரூம் எடுத்துத் தங்கினால் வாடகைக்கும் மெஸ்ஸுக்குமே போய்விடும். வீட்டிலிருந்து பணம் வரவழைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். பணம் அனுப்ப முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் அப்போது தொழில் வரும்.

ஃபிட்டர் 82

அரியர் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. பயிற்சியா, வேலை வாங்குவதா என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பையனை வேறு மெஷினுக்கு மாற்றுகிறார்களா என்று பாருங்கள். மாற்றினால் பயிற்சி. மாற்றாவிட்டால் சம்பளம் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மைக்ரான் தம்பி, உங்கள் செட்டருக்கு வயது என்ன?

மைக்ரான்

57 ஐயா. ஏன்?

ஃபிட்டர் 82

அவர் போனால் அந்தக் காது யாரிடம் இருக்கும்? இன்செர்ட் தேய்ந்த சத்தம் பற்றி எழுதினீர்களே, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் பக்கத்தில் ஒரு வருஷம் நிற்கும் ஆள் ஒருவர் வேண்டும். அது உங்களுக்கும்தான் அவசரம்.

மைக்ரான்

நேற்று அந்தப் பொள்ளாச்சிப் பையனுக்குப் போன் போட்டேன். திருமுடிவாக்கத்தில் சேர்ந்துவிட்டானாம், சென்னைப் பக்கம். 19,000. "சார், நீங்க அன்னைக்கு 16 சொல்லியிருந்தா இங்க வந்திருக்க மாட்டேன், அம்மா தனியா இருக்காங்க" என்றான். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

போர்டை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதியது இதுதான், தப்பு இருந்தால் சொல்லுங்கள்:

'சி.என்.சி. வேலை பழக ஆட்கள் இருவர் தேவை. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. எதுவானாலும் சரி. அனுபவம் தேவையில்லை. முதல் ஆறு மாதம் 12,000. டர்னிங் மூன்று மாதம், வி.எம்.சி. மூன்று மாதம். ஆறாவது மாதம் தனியாக செட்டிங் செய்து முதல் பீஸ் ஓகே ஆனால் 16,000. எட்டு மணி நேர ஷிஃப்ட். கெடும் பீஸுக்குச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை.'

கடைசி வரி பெரியவருக்காக.

தறிச்சத்தம்

முதல் பீஸ் ஓகேவா என்று பார்ப்பது யார்? நீங்களேவா? அப்படியென்றால் 16,000 உங்கள் கையில்தான் இருக்கிறது.

மைக்ரான்

இதை யோசிக்கவில்லை. வால்வு கம்பெனியின் குவாலிட்டி ஆள் வாரம் ஒருமுறை வருவார். அவர் அளந்து சொல்லட்டும். ஒத்துக்கொள்வாரா என்று கேட்க வேண்டும்.

அரியர் இல்லாதவன்

பி.இ. எதுவானாலும் சரி என்று போட்டிருக்கிறீர்கள். நான் இப்போது வாங்குவது 16. ஆறு மாதம் மாசம் நாலாயிரம் குறையும், எஜுகேஷன் லோன் தவணை 5,200 போகிறது. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

டர்னர் தங்கச்சி

சார், 'ஆட்கள்' என்றால் நாங்களும் உண்டா?

மைக்ரான்

உண்டும்மா. டாய்லெட் கட்ட மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். காம்பவுண்டு ஓரமாக ஆறுக்கு நாலு இடம் இருக்கிறது. கதவோடு சேர்த்து முடிக்க மூன்று வாரம் ஆகும் என்கிறார். அதுவரை ஸ்டிக்கர் வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஃபிட்டர் 82

தண்ணீர் டேங்கைத் தனியாக வையுங்கள் தம்பி. மெஷினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலக்கும் லைனிலிருந்து எடுக்காதீர்கள். எங்கள் மில்லில் அந்தத் தப்பு நடந்தது.